ராய்ஸ் ஹெஸ்டரின் ரிவால்வர்

அந்த வெள்ளிக்கிழமை மதியம், கிரேடி கிரீக் தீயணைப்புக் கூடத்தில் ஓரன் டாக்கெட் காகித இலக்குகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, நடீன் ஹெஸ்டர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஷெரிஃப், ராய்ஸோட துப்பாக்கியைக் காணோம்" என்றாள்.

ஓரன் ஷெரிஃப் வேலையை விட்டு எட்டு வருஷமாகியிருந்தது. ஆனாலும் ஊரில் யாரும் அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 1996 வசந்த காலம் அது. கைத்துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்து எடுத்துப்போக டெக்சாஸ் அரசாங்கம் உரிமம் கொடுக்கத் தொடங்கிய முதல் வருஷம். இப்போது உரிமமே இல்லாமல் எடுத்துப்போகலாம் என்றாகிவிட்டது. அன்றைக்கு அதற்கு வகுப்பில் உட்கார வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், ஐம்பது தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும், பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அனுமதித்த ஆசிரியர் ஓரன் ஒருவர்தான். பண்ணைக்காரர்கள், பல் டாக்டர், பேக்கரிக்காரி என்று எல்லாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கொண்டுவரும், பீச் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியைத் தின்றுகொண்டே சட்டம் படித்தார்கள். மதுக்கடைக்குள் கொண்டுபோகக் கூடாது. சர்ச்சுக்குள் கூடாது. போலீஸ்காரர் நிறுத்தினால் ஓட்டுநர் அட்டையோடு இதையும் எடுத்து நீட்ட வேண்டும். "உங்ககிட்ட துப்பாக்கி இருக்குன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சா நீங்க என் மாணவரே இல்ல" என்பார் ஓரன். அதைவிட அதிகமாக அவர் சொல்லிக்கொடுத்தது, வாய்ச்சண்டையிலிருந்து எப்படி விலகிப் போவது என்பதை. அந்தக் கூடத்தில் கேட்ட சிரிப்பை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. அப்போது இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

நடீனுக்கு அறுபத்து நாலு வயது. பியானோ சுருதி சேர்க்கிறவள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். குளிர்காலத்தில் ஒருநாள், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் யாரோ ஒருவன் விளக்கை அணைத்துவிட்டு வெகுதூரம் அவள் பின்னாலேயே வந்தான். அதற்கப்புறம்தான் அவள் வகுப்பில் சேர்ந்தாள். மறுநாள் சனிக்கிழமை அவளுக்குச் சுடும் பரீட்சை.

"எங்க வெச்சிருந்தே?" என்று ஓரன் கேட்டார்.

"படுக்கையறை இழுப்பறையில. அவர் வெச்ச இடத்துலயே. நேத்து காலையில கூடப் பார்த்தேன். அப்புறம் லோமாக்ஸ் பண்ணைக்கு பியானோ பார்க்கப் போனேன். மத்தியானம் புயல் அடிச்சுது இல்ல? ஓடையில தண்ணி ஏறிப் பாலம் முங்கிடுச்சு. ராத்திரி அங்கயே படுத்துட்டு இப்பதான் வரேன். துப்பாக்கி இல்ல. பக்கத்துல இருந்த தோட்டா டப்பா அப்படியே இருக்கு."

"தோட்டாவை எடுக்கலையா?"

"ஒண்ணு கூடக் குறையல."

கூடத்தின் மூலையிலிருந்து லவர்ன் பிக்ஸ் எழுந்து வந்தாள். முப்பது வருஷம் ஷெரிஃப் அலுவலகத்தில் வயர்லெஸ் பேசியவள். வேலை போனாலும் ஆர்வம் போகவில்லை. ஓரனின் வகுப்புக்கு உதவியாள் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் வேலியை யார் சரி பண்ணிட்டிருந்தது? டூயி ப்ரேதர். திருட்டுக்கு உள்ள போய்ட்டு வந்தவன்."

"அவன் திருந்திட்டான் லவர்ன்."

"திருந்தினவன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

ஓரன் இலக்குக் காகிதங்களைக் கீழே வைத்தார். "வீட்டைப் பார்க்கலாம், வாங்க."

மூவரும் ஓரனின் வண்டியில் கிளம்பினார்கள். அந்த ரிவால்வரின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1951 கோடையில் ஓடைக்கரைப் பாதையில் பத்தொன்பது வயது நடீன் தனியாக வந்துகொண்டிருந்தாள். எதிரே வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு வெறிநாய் பாய்ந்து வந்தது. அவள் கத்திக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு வெடிச்சத்தம். கண்ணைத் திறந்தபோது, அவளுக்கும் நாய்க்கும் நடுவில் ராய்ஸ் ஹெஸ்டர் தன் அப்பாவின் ரிவால்வரை நீட்டியபடி நின்றிருந்தான். நாய் அவன் காலடியில் கிடந்தது. அடுத்த வருஷம் கல்யாணம். ராய்ஸ் அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியைச் சுட்டதே இல்லை. "அதோட வேலை முடிஞ்சுது" என்று சொல்லி இழுப்பறையில் வைத்துவிட்டான். அவன் செத்து இரண்டு வருஷமாகிறது.

அந்த நாய் செத்தபோது ஓரன் புதிதாகச் சேர்ந்த உதவி ஷெரிஃப். நாய்க்கு வெறிதானா என்று சோதிக்க அதன் தலையை ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இடது விலாவில் ஒற்றைக் குண்டோடு கிடந்த நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போனவர் அவர்தான்.

"அந்தத் துப்பாக்கியாலதான் பரீட்சைக்குச் சுடணும்னு இருந்தேன்" என்றாள் நடீன், வண்டியிலிருந்து இறங்கும்போது. "புதன்கிழமை வகுப்புல உங்ககிட்ட சொன்னேனே. அதை ஊர்ச் சாப்பாட்டுக் கடையில உக்காந்தும் எல்லாருக்கும் சொன்னேன். ராய்ஸ் துப்பாக்கியாலதான் சுடப்போறேன்னு."

வீடு எப்போதும் போலவே இருந்தது. கதவு உடைபடவில்லை. பூந்தொட்டிக்கடியில் சாவி இருப்பது ஊருக்கே தெரியும். படுக்கையறையில் ரேடியோ கடிகாரம் மின்சாரம் போய் வந்ததற்கு அடையாளமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. ஓரன் இழுப்பறையைப் பார்த்தார், தோட்டா டப்பாவைத் திறந்து பார்த்தார், பிறகு சமையலறைக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த பழைய மின்கடிகாரத்தின் எதிரே வெகுநேரம் நின்றார்.

"இது ஓடுதே" என்றார்.

"அதுல என்ன ஷெரிஃப்? கரண்ட் வந்தா தானா ஓடும்" என்றாள் லவர்ன்.

"நடீன், வந்ததும் இதைத் தொட்டியா?"

"இல்லையே. வந்ததும் ராய்ஸ் இழுப்பறைக்குத்தான் போனேன்."

ஓரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

"துப்பாக்கியில ஏதாவது மாத்தினியா?"

நடீனின் முகம் சிவந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அந்தக் கொம்புப் பிடி என் கையில நிக்கல, வழுக்குது. போன வாரம் தபால்ல ரப்பர் பிடி வரவழைச்சு நானே திருகு கழட்டி மாட்டினேன். யார்கிட்டயும் சொல்லல. ராய்ஸோட பொருளைக் கெடுத்துட்டேனோன்னு வெக்கமா இருந்துது."

"உன் கை சின்னக் கை. அதனால கேட்டேன்" என்றார் ஓரன்.

அவர் வாசலுக்குப் போய் நின்ற நேரத்தில் லவர்ன் தொலைபேசியை எடுத்துப் பழைய பழக்கத்தில் ஷெரிஃப் அலுவலகத்தோடு பேசி முடித்துவிட்டாள். டூயியின் பேரையும் சொல்லிவிட்டாள். ஓரன் திரும்பி வந்து கேட்டபோது அவர் முகம் மாறியது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"லவர்ன், அவன் பரோல்ல இருக்கான். ஒரு துப்பாக்கி அவன் பக்கத்துல இருந்துச்சுன்னு பேச்சு வந்தாலே போதும், திரும்ப உள்ள போய்டுவான். அது உனக்குத் தெரியாதா?"

"எடுத்திருந்தா போகட்டுமே?"

"எடுக்கலைன்னா?"

லவர்ன் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஓரன் புதிய ஷெரிஃபைக் கூப்பிட்டுப் பேசினார். பொழுது சாய்கிறவரை பொறுத்துக்கொள்வதாக அவர் ஒத்துக்கொண்டார்.

டூயி பாலத்தடியில் இருந்தான். காலையில் விடிந்ததிலிருந்து சாலைத்துறை ஆட்களோடு சேர்ந்து சேறு வாரிக்கொண்டிருப்பதாக மேஸ்திரி சொன்னார். முழங்கால்வரை சேறு. ஓரனைப் பார்த்ததும் அவன் மண்வெட்டியை நட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"நேத்து புயல் வரும்போது வேலியை விட்டுட்டு ஓடிட்டேன் ஷெரிஃப். வீட்டுக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல. குடிக்கத் தண்ணிகூட வெளிக் குழாய்லதான்" என்றவன், தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே, "எப்பவும் என்கிட்டதான் முதல்ல வருவீங்க, இல்ல?" என்றான். ஓரன் அவன் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். லவர்ன் வண்டியின் ஜன்னல் வழியே மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடீனின் மகள் கோரின். சான் ஆன்டோனியோவில் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா துப்பாக்கி வைத்துக்கொள்வது அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஓரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆமா, நேத்து சாயங்காலம் வந்தேன்" என்றாள் அவள். "சண்டை போடத்தான் வந்தேன், ஒளிக்கல. அம்மா இல்ல. நான் வர்ற மேல் ரோடு ஓடையைத் தாண்டாது, அது திறந்திருந்துச்சு. ஐஸ் டீ ஊத்திக் குடிச்சுட்டு உக்காந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சேன். வண்டியில ஏறி ரேடியோவைப் போட்டாதான் தெரியுது, ஒரு மணி நேரத்துக்கு மேல பின்தங்கியிருக்குன்னு. பையனை நீச்சல் வகுப்புலேருந்து கூட்டிட்டு வரப் போனா, பாவம், அவன் வாசல்லயே நின்னுட்டிருந்தான். துப்பாக்கியை நான் தொடமாட்டேன் ஷெரிஃப். தொடப் பிடிச்சிருந்தா அம்மாகூட ஏன் சண்டை?"

ஓரன் தொலைபேசியை வைத்துவிட்டு மெல்லச் சிரித்தார். "நல்ல பொண்ணு. நமக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கா."

"என்ன உபகாரம்?" என்று லவர்ன் கேட்டாள். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடைசியாக அவர்கள் போனது ராய்ஸின் தம்பி க்ளோவிஸ் வீட்டுக்கு. அறுபத்தாறு வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போதுதான் எங்கிருந்தோ வந்து இறங்கியிருந்தார். வண்டி முழுக்கச் சேறு. தொப்பியைத் தட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, மறுபடி பையில் போட்டார். அது அவருக்கு மூச்சு விடுவதைப் போல.

"என்ன, படை திரண்டு வந்திருக்கு?"

"நடீன் வீட்டுல திருட்டு" என்றாள் லவர்ன். "உங்க அண்ணனோட துப்பாக்கி போய்டுச்சு."

க்ளோவிஸ் தரையைப் பார்த்தார். "போனா போகட்டும். ரப்பர் பிடி போட்டு அதோட மூஞ்சியே மாறிப் போச்சு. வேற ஒண்ணு வாங்கிக் கொடுப்போம். நாளைக்கு அவ பரீட்சைக்கு உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, ஓரன்?"

"இருக்கும்" என்றார் ஓரன். "சாயங்காலம் நடீன் வீட்டுக்கு வா க்ளோவிஸ். வண்டியிலயே வா."

அன்று மாலை நடீனின் சமையலறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சான் ஆன்டோனியோவிலிருந்து வந்து சேர்ந்த கோரின் அம்மாவின் அருகில். டூயி கதவோரமாக, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. லவர்ன் அவனுக்கு நேர் எதிரே. க்ளோவிஸ் ஜன்னல் பக்கம். நடீன் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பை வெட்டி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை.

ஓரன் நின்றுகொண்டே பேசினார்.

"இது வேடிக்கையான திருட்டு. துப்பாக்கியை எடுத்தவன் பக்கத்துல இருந்த தோட்டாவை விட்டுட்டான். சுடறவனுக்குத் தோட்டா வேணும். விக்கிறவன் ரெண்டையும் வித்துடுவான். இன்னொண்ணு. நடீன் உரிமம் வாங்கப்போறான்னு ஊருக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு. அப்ப எதுவும் நடக்கல. புதன்கிழமை, இந்தத் துப்பாக்கியாலயே சுடுவேன்னு சொன்னா. ரெண்டு நாள்ல போச்சு. அப்ப, நடீன்கிட்ட துப்பாக்கி இருக்கறதுல யாருக்கும் பயம் இல்ல. அது சுடப்படறதுலதான் பயம்."

"எப்ப எடுத்தாங்க?" என்று கோரின் கேட்டாள்.

"அதை நீதான் சொன்னே. நேத்து சாயங்காலம் இந்தக் கடிகாரம் தப்பு நேரம் காட்டுச்சு. இன்னிக்கு மத்தியானம் சரியாக் காட்டுது. நடீன் தொடல. மின்கடிகாரம் தானா திருத்திக்காது. அதனால நீ போனதுக்கப்புறம், ஊர்லேருந்து வர்ற பாலத்துல தண்ணி வடிஞ்சதுக்கப்புறம், இன்னிக்குக் காலையில யாரோ வந்து முள்ளைத் திருப்பி வெச்சிருக்காங்க. அந்நேரம் டூயி ஊர் பார்க்கப் பாலத்தடியில சேறு வாரிட்டிருந்தான்."

டூயி தலை நிமிர்ந்தான். லவர்ன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"திருட வந்த இடத்துல யார் கடிகாரத்தைத் திருத்துவாங்க? இந்த வீட்டைத் தன் வீடா நினைக்கிற ஆள். தப்பு நேரத்தைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியாத ஆள். வாழ்நாள் முழுக்க ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டின ஆள்."

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"ரப்பர் பிடி மாட்டினதை நடீன் யார்கிட்டயும் சொல்லல, க்ளோவிஸ்" என்றார் ஓரன், குரலைத் தணித்து. "நீ எப்படிப் பார்த்தே?"

க்ளோவிஸ் எழுந்து வெளியே போனார். வண்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு பழந்துணி மூட்டையை மேசைமேல் வைத்தார்.

"இதை நாளைக்குள்ள சரி பண்ணித் திரும்ப வெச்சிடலாம்னு பார்த்தேன். பிரேடி டவுன்ல ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரர் இருக்கார். காலையில அங்கதான் கொண்டுபோனேன். சாமான் வர வாரமாகும்னுட்டார். டூயியை இழுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன். மன்னிச்சிடுப்பா டூயி."

"எதைச் சரி பண்ண?" என்றாள் நடீன். அவள் குரல் கெட்டியாக இருந்தது.

ஓரன் துணியைப் பிரித்து, துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, அதன் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "இங்க ஒரு ஊசி மூக்கு இருக்கணும். அதுதான் தோட்டாவைத் தட்டும். அரத்தால தேய்ச்சு எடுத்திருக்காங்க. துரு பாரு, நேத்து முந்தாநேத்து பண்ணினதில்ல. இது சுடாது நடீன்."

"எப்பலேருந்து?"

க்ளோவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ இதைக் கேப்பேன்னுதான் நான் எடுத்தேன்" என்றார். "துப்பாக்கி கெட்டுப்போச்சு, வேற வாங்கிக்கோன்னு சொன்னா, எப்பலேருந்துன்னு கேப்பே. உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது எங்கப்பா தேய்ச்சது. நாங்க எடுத்து விளையாடிடுவோம்னு."

நடீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த நாய்?"

"நான் அந்த நாயைத் தூக்கினவன்" என்றார் ஓரன். "நேரா எதிர்ல பாய்ஞ்சு வந்துதுன்னு நீ சொன்னே. ஆனா குண்டு பக்கவாட்டுல, விலாவுல இருந்துச்சு. இந்த ரிவால்வர் குண்டுன்னா என் சுண்டுவிரல் நுழையற ஓட்டை விழும். அங்க பென்சில் முனைதான் போகும். அணில் சுடற ரைஃபிள். அன்னிக்கே யோசிச்சேன். நாய் செத்துச்சு, பொண்ணு பொழைச்சா, யார் சுட்டா என்னன்னு விட்டுட்டேன்."

"ஓடைக்கு அந்தப் பக்கம் பீக்கன் மரத்தடியில நின்னேன்" என்றார் க்ளோவிஸ். "அணில் பார்த்துட்டிருந்தேன்."

நடீன் விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நாப்பத்தஞ்சு வருஷம்! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீங்களா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சீங்களே, அதுல ஒண்ணு கூட நிஜமில்லையா?"

"அம்மா..." என்றாள் கோரின்.

"க்ளோவிஸ்" என்றார் ஓரன். "இது சுடாதுன்னு ராய்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பா அரம் போடும்போது விளக்கைப் பிடிச்சிட்டு நின்னது அவன்தான்."

"அப்ப எதுக்குக் கையில வெச்சிருந்தான்?"

"உன் முன்னால மிடுக்கா நடக்கத்தான் நடீன். வேற எதுக்கு? நீ அந்த வழியா வருவேன்னு தெரிஞ்சு, இடுப்புல சொருகிட்டுத் திரிஞ்சான். நாய் வந்துச்சு. ஓடி ஒளிய மரம் இருந்துச்சு அவனுக்கு. ஓடல. அது வெறும் இரும்புன்னு தெரிஞ்சே அதை நீட்டிக்கிட்டு உன் முன்னால வந்து நின்னான். நான் தூரத்துல பத்திரமா நின்னு விசையை அழுத்தினேன். அதுல என்ன இருக்கு? ஆளுங்க ஓடி வந்து அவன் முதுகுல தட்டினாங்க. நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். நான்தான் வேண்டாம்னு தலையாட்டினேன். அப்புறம் அவன் பல தடவை சொல்லப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் நான் விடல."

"ஏன்?"

"நீ அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்" என்றார் க்ளோவிஸ். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, நேரம் பார்க்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

நடீன் நின்றபடியே அந்தத் துப்பாக்கியை எடுத்தாள். சுத்தியலின் மழுங்கிய மூக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். டூயி மெல்ல எழுந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அவள் பின்னால் வைத்தான். அவள் உட்கார்ந்தாள்.

ஓரன் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டு, பொருள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது, திருட்டு எதுவும் இல்லை என்றார். லவர்ன் அவரிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "டூயி ப்ரேதரைப் பத்தி நான் சொன்னது தப்பு. என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க" என்றாள். பிறகு பீக்கன் இனிப்பில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிடு. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல."

"தெரியுது மேடம்" என்றான் டூயி. தட்டை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கல்குவாரிச் சரிவில் நடீன் லவர்னின் ரிவால்வரால் சுட்டுப் பரீட்சை கொடுத்தாள். கிட்டே இருந்த இலக்கில் நன்றாகச் சுட்டாள், நடு இலக்கில் சுமாராக. தூர இலக்கில் கொஞ்சம் சிதறியது. ஆனாலும் தாராளமாகத் தேறினாள். ஓரன் காகிதத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "திங்கட்கிழமை போய் ரேகை வெச்சுட்டு வா" என்றார்.

க்ளோவிஸ் வெகுதூரத்தில், தன் வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தார். கூப்பிட்டால் வரலாம், இல்லாவிட்டால் போய்விடலாம் என்பதுபோல. நடீன் காதடைப்பைக் கழற்றிவிட்டு நேராக அவரிடம் போனாள்.

"ராத்திரி பூரா தூங்கல" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். நீ ஓடையைத் தாண்டி ஓடி வந்தே. ராய்ஸ் உன் காதுல என்னவோ சொன்னார். எனக்கு அது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னார்?"

க்ளோவிஸ் யோசித்தார். சிரிப்பு வந்தது போலிருந்தது. அடக்கிக்கொண்டார்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"'என்னைப் பிடிச்சுக்கோடா, முட்டி ரெண்டும் போயிடுச்சு. அவ பார்க்கிறா, கீழ விழாம பார்த்துக்கோ'ன்னான்."

நடீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து லவர்ன் ஓடினாள். கிட்டே போனபோதுதான் தெரிந்தது. ராய்ஸ் போனதிலிருந்து யாரும் கேட்டிராத அந்தச் சிரிப்பு, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர, குவாரிச் சரிவு முழுக்கக் கேட்டது.